பில்லில் 30 ஓவர், பிளாக்கில் பழைய பிஸ்டன்: கமாரோ என்ஜினை ரீபில்டுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வண்டி 1969 ஷெவர்லே கமாரோ எஸ்எஸ். எல்48 வகை 350 கன அங்குல என்ஜின், பாடியோடு எண் பொருந்தும் ஒரிஜினல். கலிபோர்னியாவில் ஒரு ரெஸ்டோரேஷன் கடையில் பதினோரு மாதம் கிடந்தது. என்ஜினுக்கு மட்டும் வந்த பில் 8,600 டாலர். அதில் வரி வரியாக இருந்தது இது: பிளாக் ஹாட் டேங்க் (சூடான ரசாயனத் தொட்டியில் கழுவுதல்), 30 ஓவர் போரிங் (சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்குதல்), டெக் சர்ஃபேசிங் (ஹெட் உட்காரும் பிளாக் முகத்தை அரைத்தல்), கிராங்க் 10 அண்டர் (0.010 அங்குலம் குறைத்து அரைத்தல்), புது பிஸ்டன், ரிங், பேரிங், கேம், 16 லிஃப்டர் (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் பாகம்), ஹெட்டுக்கு ஹார்டன்டு எக்ஸாஸ்ட் சீட் (கடினமாக்கிய வால்வ் இருக்கை). ஸ்பெல்லிங் பிழைகூட இல்லாத பில்.

430 மைல் ஓடியதும் வால்வ் கவர் பக்கம் டிக் டிக். சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் 8 பிஎஸ்ஐ, 2,000 ஆர்பிஎம்மில் 15. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது இந்த என்ஜினுக்குப் பழைய கணக்கு. கடை சொன்ன வைத்தியம்: "பழைய வண்டி இப்படித்தான் இருக்கும், 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்." கெட்டி ஆயில் ஊற்றினால் மீட்டர் முள் ஏறும். தேய்ந்த பேரிங் தேய்ந்ததுதான்.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில் கதை பாதி வெளியே வந்தது. ஃபில்டர் கட்டரால் டப்பாவைத் திறந்து, மடிப்புக் காகிதத்தை வெட்டி விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் தூள் பெரும்பாலும் கேம், லிஃப்டர், ரிங்கிலிருந்து வருவது. ஒட்டாத சாம்பல், செம்பு நிறப் பொடி பேரிங்கிலிருந்து வருவது. இதில் இரண்டுமே இருந்தன.

வேறொரு மெஷின் ஷாப்பில் என்ஜினைப் பிரித்தார்கள். முதலில் பிஸ்டன். ஓவர்சைஸ் பிஸ்டனின் தலையில் 030 என்று அடித்திருக்கும். கரியைச் சுரண்டிப் பார்த்தால் எட்டிலும் ஒன்றுமில்லை. சிலிண்டரின் மேல்விளிம்பில் நகம் தடுக்கும் அளவுக்கு ரிட்ஜ் (ரிங் எட்டாத இடத்தில் தேயாமல் நிற்கும் வரம்பு) அப்படியே இருந்தது. போர் செய்த சிலிண்டரில் ரிட்ஜ் இருக்க வழியே இல்லை. டயல் போர் கேஜ் வைத்து அளந்தால் ரிங் ஓடும் மேல்பகுதியில் 4.007 அங்குலம், அடியில் 4.002. ஸ்டாண்டர்டு அளவு 4.000, 30 ஓவர் என்றால் 4.030. நடந்தது என்னவென்றால், டிரில்லில் பால் ஹோன் (உருண்டைகள் பதித்த தேய்ப்பு பிரஷ்) மாட்டி ஐந்து நிமிடம் சுற்றி, புது ரிங் போட்டு மூடியிருக்கிறார்கள். மேலுக்கும் அடிக்கும் ஐந்து தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம் உள்ள சிலிண்டரில் ரிங் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கிக்கொண்டே ஏறி இறங்கும். சரியாக உட்காராது, ஆயில் குடிக்கும்.

பேரிங் ஷெல்லின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் 010 இல்லை, ஸ்டாண்டர்டு முத்திரைதான் இருந்தது. ராட் ஜர்னல் (கிராங்கில் ராட் பேரிங் உட்காரும் பகுதி) 2.098 அங்குலம். இதன் ஸ்டாண்டர்டு 2.099 முதல் 2.100 வரை. பத்து அண்டர் அரைத்திருந்தால் 2.090-ஐ ஒட்டி வர வேண்டும். எமெரித் துணியால் பளபளப்பாக்கியதோடு சரி. 430 மைலுக்குள் கீழ் ஷெல்களில் செம்பு தெரிகிறது.

லிஃப்டர் பதினாறில் ஒன்பதுதான் புதிது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஃப்ளாட் டேப்பட் (அடியில் உருளை இல்லாத) லிஃப்டரின் அடி பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மிக லேசாக மேடாக இருக்கும். கேம் லோபும் (லிஃப்டரைத் தூக்கும் மேடு) ஒரு பக்கம் ஒன்றிரண்டு தௌ சரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. இரண்டு லிஃப்டரை அடியோடு அடி வைத்துப் பிடித்தால், புதியவை ஒன்றின் மேல் ஒன்று ஆடும். பழையவை குழிந்து போயிருப்பதால் ஆடாமல் விளிம்போடு விளிம்பு உட்காரும். பழைய லிஃப்டரைப் புது கேம் மேல் வைத்தால் அது சுழலாமல் ஒரே இடத்தில் தேய்க்கும், லோப் கரைந்துவிடும். இதில் இரண்டு லோப் உருண்டையாகிவிட்டன.

அடுத்தது கேலரி பிளக், அதாவது பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழித்தடங்களின் முனையை மூடும் அடைப்பு. பிளாக்கை ஹாட் டேங்கில் போடும் முன், டைமிங் கியருக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஆயில் கேலரி பிளக்குகளையும் பின்பக்கத்தில் இருப்பவற்றையும் கழற்றியாக வேண்டும். கேம் பேரிங்கையும் எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். இங்கே பிளக்குகள் ஃபேக்டரியில் அடித்தபடியே இருந்தன, பின்னால் தார் மாதிரிக் கசடு. ஹோன் செய்த பொடியும் வழித்தடங்களுக்குள் கிடந்தது. பேரிங்கைத் தின்றது அதுதான். இத்தனைக்கும் மேல் வெளியே ஷெவர்லே ஆரஞ்சு பெயிண்ட், பழைய ஃப்ரீஸ் பிளக்கின் (பிளாக்கின் தண்ணீர்ப் பாதையை மூடும் தகடு) துரு மேலேயே.

உண்மையான திருட்டு ஹெட்டில். ஒரிஜினல் ஹெட்கள் 186 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 3927186 வார்ப்பு. ஹெட்டின் முனையில் இரட்டைத் திமில் அடையாளம் இருக்கும், வெளியிலிருந்தே தெரியும். திரும்பி வந்தவை 882. எழுபதுகளின் நடுவில் வந்த, மெல்லிய, விரிசல் விடுவதற்குப் பேர்போன வார்ப்பு. 186-ன் சேம்பர் (எரிபொருள் எரியும் அறை) 64 சிசி, 882-ன் சேம்பர் 76. இந்தப் பன்னிரண்டு சிசி என்ன செய்யும் என்று பாருங்கள். 350 கன அங்குலத்தை எட்டால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 717 சிசி. ஃபேக்டரி கம்ப்ரஷன் விகிதம் 10.25 என்றால் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 77.5 சிசி. அதோடு 12 கூட்டினால் 89.5, கம்ப்ரஷன் 9.0-க்கு இறங்கிவிடும். பில்லில் ஹெட் மாற்றியதாக ஒரு வார்த்தை இல்லை. ஹார்டன்டு சீட்டும் போடவில்லை. கேட்டதற்கு "விரிசல் இருந்தது, தூக்கிப் போட்டோம்" என்றார்கள். மேக்னஃப்ளக்ஸ் (காந்தத்தால் விரிசல் காணும் சோதனை) படமும் இல்லை, விரிசல் விட்ட ஹெட்டும் இல்லை.

டெக் சர்ஃபேசிங் கதை வேறு மாதிரி. என்ஜினின் முன்னால், பயணி பக்க ஹெட்டுக்கு அருகே இருக்கும் பட்டைமேல்தான் என்ஜின் கூட்டிய ஆலை, தேதி, என்ஜின் வகையைக் காட்டும் சஃபிக்ஸ் எழுத்துகள் அடித்திருக்கும். 1969-ல் வண்டியின் விஐஎன் (அடையாள எண்) சுருக்கமும் அங்கேயோ ஆயில் ஃபில்டருக்கு மேலேயோ இருக்கும். ஃபேக்டரி அந்த முகத்தை ப்ரோச் என்ற வெட்டுக்கருவியால் சீவியதால் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் தெரியும். டெக்கை அரைத்தால் கோடும் போகும், எண்ணும் போகும். பிறகு எண்ணைத் திரும்ப அடித்தாலும், கோடு இல்லாத பட்டையைப் பார்த்ததுமே விவரம் தெரிந்தவர் விலையைக் குறைப்பார். இந்த பிளாக்கில் கோடுகள் அப்படியே இருக்கின்றன, அதாவது டெக்கிங்குக்கு வாங்கிய காசு சும்மா. ஏமாற்றியதிலேயே உருப்படியான விஷயம் இதுதான்: செய்திருந்தால் வண்டியின் மதிப்பே போயிருக்கும்.

இனி கொடுக்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது. வார்ப்பு எண்ணைப் படம் எடுத்தால் மட்டும் போதாது. 3970010 என்ற பிளாக் எழுபதுகள் முழுக்க வார்க்கப்பட்டது, ஊரெல்லாம் கிடைக்கும். வார்ப்புத் தேதி (ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர், பின்னால் நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம்), முன்பட்டை முத்திரை, ஹெட், இன்டேக், கார்ப்பரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், ஆல்டர்னேட்டர் எண்கள் எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு சென்டர் பஞ்சால் நீங்கள் மட்டும் அறிந்த இடத்தில், ஹெட்டிலும் கிராங்க் கவுன்டர்வெயிட்டிலும், இரண்டு புள்ளி. பெயிண்ட் பேனா ஹாட் டேங்கில் கரைந்துவிடும்.

பெரும்பாலான ரெஸ்டோரேஷன் கடைகளில் போரிங் மெஷினே கிடையாது, வெளியே மெஷின் ஷாப்புக்கு அனுப்புவார்கள். அந்த ஷாப்பின் பில்லைக் கேளுங்கள். அதோடு அளவுத் தாள்: எட்டு சிலிண்டருக்கும் மேல், நடு, அடி அளவு, பிஸ்டன் கிளியரன்ஸ் (இடைவெளி), மெயின், ராட் பேரிங் கிளியரன்ஸ் (இரண்டுமே 0.002 முதல் 0.0025 வரை இருந்தால் நிம்மதி), ரிங் கேப் (மேல் ரிங்குக்கு போர் அங்குலத்துக்கு 0.004 கணக்கில் சுமார் 0.016). அளந்தவரிடம் தாள் இருக்கும். "எல்லாம் ஸ்பெக்கில் இருக்கு" என்பவர் அளக்கவில்லை. ஷார்ட் பிளாக் கூட்டி, ஹெட் ஏற்றும் முன் ஒரு முறை நேரில் போங்கள். பிஸ்டன் தலையில் 030 கண்ணில் படும் கடைசி வாய்ப்பு அதுதான். அடுத்த தவணையை அதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கும் கூடவே இருங்கள். கேம் போனால் "நீங்கள் ஓட்டிய விதம்" என்று தப்பிக்க இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். லோபுக்கும் லிஃப்டர் அடிக்கும் மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகு); ஜிங்க் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில்; டிஸ்ட்ரிப்யூட்டர் ஓட்டை வழியாக டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி, பதினாறு ராக்கரிலும் ஆயில் வரும்வரை பிரைம் செய்ய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் ஏற்றி இறக்கி 20-30 நிமிடம். பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த முதல் ஃபில்டரையே வெட்டிப் பாருங்கள். இன்றைய சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு மேல் இருக்க அனுமதி இல்லை. ரோலர் லிஃப்டருக்கு அது போதும், இந்த வகைக்குப் போதாது.

பணம் விஷயம். கலிபோர்னியாவில் எழுத்து மூல எஸ்டிமேட் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது, கூடுதல் வேலைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். வேலை ஒப்படைக்கும்போதே கேட்டால், கழற்றிய பாகங்களையும் திருப்பித் தர வேண்டும் (கோர் என்று புதுப் பாகத்துக்கு ஈடாகக் கொடுக்கும் பழையதும், வாரண்டிக்காகத் திரும்பப் போக வேண்டியவையும் நீங்கலாக). இங்கே அதைக் கேட்காமல் விட்டதால்தான் ஹெட் காணாமல் போனது. புகாருக்கு மாநில ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பீரோ இருக்கிறது. தனி நபருக்கு 12,500 டாலர் வரை ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட், வக்கீல் வேண்டாம். கிரெடிட் கார்டு பில் தகராறுக்கு 60 நாள்தான் கெடு. பதினோரு மாதம் முன்பு முழு அட்வான்ஸ் கொடுத்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

பிளாக்கை இப்போது டார்க் பிளேட் (ஹெட்டை முறுக்கிய அழுத்தத்தைத் தரும் தட்டு) மாட்டி ஹோன் செய்து, நிஜமாகவே 4.030-க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மீதி இருப்பது ஹெட். விற்கும் 186 எல்லாம் இந்த வண்டிக்கு ஆகாது. வார்ப்புத் தேதி முன்பட்டையில் உள்ள என்ஜின் தேதிக்குச் சில வாரங்களாவது முந்தியிருக்க வேண்டும், இரண்டு ஹெட்டின் தேதியும் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். வால்வ் கவரைக் கழற்றித் தேதியைப் படம் எடுத்து அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.