வாசகசாலை மாடியில் இரண்டு சனிக்கிழமைகள்: ஒரு பாலியல் கல்வி வகுப்பு பற்றி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளரிளம் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் பாலியல் கல்வி வகுப்புக்கு என் மூத்த மகளை அனுப்பினேன். 12 முதல் 16 வயது வரையிலான 18 பிள்ளைகள் வந்திருந்தார்கள். இரண்டு சனிக்கிழமைகள், காலை பத்து முதல் ஒரு மணி வரை. மதியச் சாப்பாட்டுடன் கட்டணம் 150 ரூபாய். தொடக்கத்தில் அரை மணி நேரமும் கடைசி நாளில் ஒரு மணி நேரமும் பெற்றோர் உடனிருக்கலாம்.

நடத்துபவர் 22 வயதுக் கல்லூரி மாணவர். தாம் பால்புதுமையர் (குயர்), அதாவது ஆண், பெண், ஈர்ப்பு பற்றிய வழக்கமான வரையறைகளுக்குள் அடங்காதவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். "அக்கான்னு கூப்பிடறதா, அண்ணான்னு கூப்பிடறதா?" என்று ஒரு சிறுவன் கேட்க, "பேர் சொல்லியே கூப்பிடு கண்ணு" என்றார். (தமிழில் 'அவர்' என்றொரு சொல் இருப்பதால் இதை எழுதும் எனக்கும் சங்கடமில்லை.)

எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகிறவர்கள். உடலைப் பற்றிப் பேச இரண்டிலுமே அவர்களிடம் நல்ல சொல் கிடையாது, இருப்பதெல்லாம் வசவுதான். இந்த வகுப்பின் அருமை அங்கேதான் தெரிந்தது. பழைய பிஸ்கட் டப்பாவில் பெயர் எழுதாமல் போட்ட கேள்விச் சீட்டுகளில் ஒன்று, மலையாளச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, 'ஆர்த்தவம் வந்தா தீட்டா?' என்று கேட்டிருந்தது. அவர் பலகையில் 'ஆர்த்தவம்', 'தீட்டு', 'மாதவிடாய்' என்ற மூன்றையும் எழுதி, முதலாவது பள்ளிக்கூடத்துச் சொல், இரண்டாவது பாட்டி சொல், மூன்றாவதை இனி நாம் கூச்சமில்லாமல் சொல்வோம் என்றார். பிறகு இருமல் மருந்து மூடியால் சிவப்புச் சாயத் தண்ணீரை நான்கு முறை அளந்து ஒரு தம்ளரில் ஊற்றினார். ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லி லிட்டர்தான் என்பதைக் கண்ணால் பார்த்ததும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கிப்போனார்கள்.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். டப்பாவைத் திறக்கும் முன்பே, யாராவது தமக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளத் தம்மால் இயலாது என்றும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும் என்றும் விளக்கி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எதையும் என்னிடம் சொல்லலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கைபிசைகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் நேரம் மட்டும் கொஞ்சம் சூடாகவே போனது. பையன் 'அப்படி' இருந்தால் டாக்டரிடம் காட்டி மாற்ற முடியாதா என்று ஒரு தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். தன்பாலீர்ப்பை உலக சுகாதார அமைப்பு 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்று தொடங்கிய வகுப்பு நடத்துபவர், ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற முயலும் இத்தகைய 'மாற்று சிகிச்சை'க்கு எதிராக 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சொன்னார். எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் வேறு நீதிமன்றமாயிற்றே என்று ஒருவர் மடக்கவே, அந்த வழக்கைத் தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்திருப்பதையும், அது இரு மாநில மருத்துவர்களுக்கும் பொருந்தும் என்பதையும் பதற்றமில்லாமல் எடுத்துச் சொன்னார். அந்தத் தாய் வேறெதுவும் கேட்கவில்லை. போகும்போது வகுப்பு நடத்தியவரின் அலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

குறைகளும் உண்டு. பாலின அடையாளம் பற்றிய பகுதி இரண்டாம் நாளின் கடைசி இருபது நிமிடத்தில் ஓட்டமாக முடிந்தது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கையேடு முழுவதும் மலையாளத்தில் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே நடத்தும் வகுப்பில் இதை ஏற்க இயலாது. அதைவிட, இவ்வளவு பாரத்தையும் ஒரே இளைஞர் தலையில் ஏற்றியிருக்கும் அமைப்பாளர்கள், ஓர் உளவியல் ஆலோசகரையாவது துணைக்கு அமர்த்தியிருக்க வேண்டும். இரண்டாம் நாள் முடிவில் அவர் குரல் கம்மிவிட்டிருந்தது.

கையேட்டைப் பற்றி முறையிட்டபோது, தமிழில் தாமே கையால் எழுதிய எட்டுப் பக்க நகலை நீட்டி, "பிழை இருந்தா திருத்திக் குடுங்க அம்மா" என்றார். மூன்று இடங்களில் ஒற்று விடுபட்டிருந்தது, திருத்தி அனுப்பிவிட்டேன். இளையவளுக்கு அடுத்த ஆண்டு 12 ஆகிறது, அவளுக்கும் இப்போதே பெயர் கொடுத்தாயிற்று.