ஒத்தக் கேள்வியா, உக்காந்து பேசுறதா?

வயசானவங்ககிட்ட "உடம்பு எப்படி இருக்கு"ன்னு ஒரே கேள்வி, ரொம்ப நல்லா இருக்குல இருந்து மோசம் வரைக்கும் அஞ்சு பதில், பத்து செகண்ட்ல முடிஞ்சிடும், ஆனா லேசா நினைக்காதீங்க, 1997ல 27 ஆய்வுகளை அலசினப்போ கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இந்தப் பதில் ஆயுசையே முன்கூட்டி சொல்லியிருக்கு.

இன்னொண்ணு 1996ல வந்த ஃபைகா (FICA), அதாவது டாக்டரோ நர்ஸோ உக்காந்து ஒருத்தரோட ஆன்மிகம், நம்பிக்கை பத்திப் பேச்சுக் கொடுக்கிறதுக்கான வழி. நம்பிக்கை என்ன, அது எவ்ளோ முக்கியம், கூட யார் இருக்காங்க, உங்களைப் பாத்துக்கிற நாங்க அதுக்கு என்ன செய்யணும்னு நாலு விஷயம். சாமி கும்பிடாதவங்களுக்கும் (அட ஆமாங்க) பொருந்தும்.

முட்டி வலியில நடக்க முடியாதவர் "நல்லாத்தான் இருக்கேன்"ம்பாரு, ரிப்போர்ட் எல்லாம் நார்மலா இருக்கிறவர் "என்னத்த இருக்கேன், யாருக்கும் வேண்டாதவனா"ன்னு முனகுவாரு. முதல் கேள்விக்கு அந்த வித்தியாசம் தெரியும், காரணம் தெரியாது. என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான், ஆனா ஃபார்ம்ல டிக் அடிக்கிற மாதிரி கேட்டா அதுவும் வேஸ்ட்.