அட்டையில் விழுந்த சொட்டுகள்: பழைய பிக்கப்புடன் மூன்று ஆண்டுகள்

என்னுடைய பிக்கப் 1994-இல் தயாரானது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். வாங்கிய அன்றே அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பிசுக்கு அப்பியிருந்தது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு சிக்னலில் நின்றபோது பானட்டின் ஓரத்திலிருந்து புகை எழுந்தது. சூடான சைலன்சர் குழாயில் ஆயில் சொட்டிக் கருகும் நாற்றம். அதோடு சமாதானம் தீர்ந்தது.

மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தவர், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் தொங்கிய சொட்டைக் காட்டி, "கிராங்க் பின் சீல் போய்விட்டது சார், கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்றார். கிராங்க் தண்டு எஞ்சினின் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் அந்த சீல். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. கியர்பாக்ஸ் இன்னும் இறங்கவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை, அவசரம். ஆயில் சொட்டுமிடம் ஒன்று, கசியுமிடம் வேறு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். அது வழிந்து வழிந்து கீழே இறங்கும். எஞ்சினின் உச்சியில் எங்கே கசிந்தாலும் கடைசியில் வந்து தொங்குவது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில்தான். அதனால் முதல் வேலையாகக் கழுவினேன். பிசுக்கு நீக்கும் திரவம் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, உலோகத்தின் நிறம் தெரியும்வரை. முழுதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மூன்று ஆண்டுகளில் செய்தவற்றில் அதிகப் பலன் தந்தது அந்த ஒரு நாள் வேலைதான்.

பிறகு எஞ்சின் ஆயிலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, சுமார் 200 கிலோமீட்டர் ஓட்டினேன். கியர்பாக்ஸிலும் சேர்த்துக் கலக்கவில்லை. இரண்டிலும் ஒளிர்ந்தால் எது எதிலிருந்து வருகிறது என்று எப்படிப் பிரிப்பது? இரவில் புற ஊதா டார்ச்சுடன் பார்த்தபோது, எஞ்சினின் பின்புறச் சுவரில் மஞ்சள் கலந்த பச்சையில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன. ஒன்று ஆயில் பிரஷர் ஸ்விட்சின் உடலிலிருந்து. இன்னொன்று, எஞ்சினின் உச்சியை மூடும் தகடான டேப்பட் கவரின் பின் மூலையிலிருந்து. ஸ்விட்சை மாற்றப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

டேப்பட் கவர் அவ்வளவு எளிதில் விடவில்லை. பழைய கார்க் பேக்கிங் கருகி, விரலில் பட்டதும் பொடிந்தது. முன்பு யாரோ கசிவை நிறுத்துவதாக நினைத்து போல்ட்டுகளை வெறியோடு முறுக்கியிருந்தார்கள். துளைகளைச் சுற்றித் தகடு குழிந்து, துளைகளுக்கு நடுவே மேடாகிவிட்டது. அந்த இடைவெளி வழியாகத்தான் ஆயில் வெளியேறியிருக்கிறது. மரக்கட்டை மேல் வைத்து, குழிந்த இடங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தினேன். அதற்கும் மேலே சிலிகானை வேறு அப்பியிருந்தார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது பிய்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அடைத்தால் எஞ்சினே போய்விடும். ரப்பர் பேக்கிங் போட்டு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினேன். அந்த அளவு நம் கைக்கு 'போதாது' என்றே தோன்றும். அதற்கு மேல் கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஆறு மாதத்தில் அதே மூலையில் மறுபடி ஈரம். பேக்கிங் மேல் பழி போட இருந்தேன். குற்றவாளி பி.சி.வி. வால்வு. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை எஞ்சின் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வழிவிடும் சிறிய வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வர வேண்டும். என்னுடையது கல் போல மௌனமாக இருந்தது. அதன் ஹோஸ் முழுக்கக் கசடு. இரண்டையும் மாற்றிய பின் அந்த மூலை இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியில் பார்த்தேன்.

கியர்பாக்ஸ் கதை விசித்திரமானது. தினமும் ஓட்டினால் ஒரு சொட்டுகூட இல்லை. நான்கு நாள் நிறுத்தினால், வண்டிக்கு அடியில் விரித்த அட்டை மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கியர்பாக்ஸ் ஆயிலின் சிவப்பு. காரணம், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். வண்டி நிற்க நிற்க அதிலிருக்கும் ஆயில் மெல்ல வடிந்து கீழே ஆயில் தேங்கும் தட்டான சேம்பருக்கு வருகிறது; மட்டம் உயர்ந்து, கியர் லீவர் நுழையும் தண்டின் சீலைத் தொடுகிறது. அந்த சீல் இறுகிப்போயிருந்தால் அங்கிருந்து வழியும். எஞ்சினை ஓட்டியதும் பம்ப் உறிஞ்சிக்கொள்ள, மட்டம் இறங்கிக் கசிவும் நின்றுவிடும். நானோ சேம்பர் பேக்கிங்தான் என்று முடிவு செய்து அதை மாற்றி, ஆயிலில் குளித்து, ஒரு பயனும் காணாமல் உட்கார்ந்திருந்தேன். அரை ஜாண் அளவுகூட இல்லாத அந்த சீலை மாற்றிய அன்று பிரச்சினை முடிந்தது.

இடையில் இன்னொரு தவறு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கியர்பாக்ஸின் ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்த்து, குறைகிறது என்று ஊற்றினேன். என் வண்டிக்குச் சூடான பின், சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பார்க் நிலையில் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சியதால் ஆயில் நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாக வெளியே தள்ளியது. நானே உண்டாக்கிய ஒழுக்கைத் தேடி இரண்டு வாரம் படுத்துக் கிடந்தேன்.

கசிவை நிறுத்தும் திரவம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கியர்பாக்ஸில் ஊற்றிப் பார்த்தேன். இறுகிய ரப்பரைக் கொஞ்சம் மென்மையாக்கி உப்பவைப்பதுதான் அதன் வேலை. நான்கு மாதம் ஒழுக்கு பாதியானது, பிறகு பழையபடி. கிழிந்த பேக்கிங்குக்கும் வளைந்த தகட்டுக்கும் அது எதுவும் செய்யாது. மறுபடி வாங்கமாட்டேன்.

அந்த மெக்கானிக்குக்கும் நியாயம் செய்ய வேண்டும். மேலே எல்லாம் காய்ந்த பிறகு, சென்ற ஆண்டு பெல் ஹவுசிங்கில் மறுபடி ஈரம் கண்டேன். இம்முறை மேலிருந்து எந்தக் கோடும் இல்லை. பின் சீலும் கசிகிறதுதான், நாளொன்றுக்கு நான்கைந்து சொட்டு. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நிற்கும்போது விழுவது அவ்வளவே, ஓடும்போது இதைவிடக் கூடும். என்றாலும் ஓர் ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எஞ்சினின் டிப் ஸ்டிக்கில் வித்தியாசம் தெரிவதில்லை. சைலன்சர் குழாய்க்கு எட்டாத இடம், புகையும் இல்லை.

இதற்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்கப்போவதில்லை. வேறு காரணத்துக்காக அது இறங்கும் நாளில் கிராங்க் பின் சீலையும் கியர்பாக்ஸின் முன் பம்ப் சீலையும் சேர்த்தே மாற்றுவேன். இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதுவரை வண்டிக்கு அடியில் அட்டை; மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.