பரவிய புற்றுநோய்க்குத் திசு பயாப்சியா, ரத்த பயாப்சியா?

அப்பாவின் நுரையீரல் புற்றுநோய் ஜெஃபிடினிப் மாத்திரைக்கு ஓராண்டு அடங்கிக் கிடந்தது. பிறகு கல்லீரலிலும் இடுப்பெலும்பிலும் தலைகாட்டியது. மருந்து ஏன் கைவிட்டது என்று அறிய மறுபடி ஊசி செலுத்திச் சதைத் துணுக்கு எடுப்பதா, ரத்தத்தில் பார்ப்பதா என்று மருத்துவர் கேட்டார். ரத்தம் என்றோம்.

திசு பயாப்சியின் அருமை தெரிந்ததுதான். வந்திருப்பது எந்தப் புற்றுநோய் என்று முதலில் உறுதிசெய்ய அதை விட்டால் வழியில்லை. அதன் தொல்லைகளும் தெரிந்தவையே. அப்பாவுக்கு முதல் முறை நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து, விலாவில் குழாயோடு 2 நாள் படுத்திருந்தார்.

ஆனால் என்னைச் சாய்த்தது வலி அல்ல, காலம். பரவும் புற்றுநோய் கிளம்பியபோது இருந்தபடியே போய்ச் சேர்வதில்லை. பிரிந்துபோகும் ஒவ்வொரு செல் கூட்டமும் வழியில் புதிய மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொள்கிறது. மருந்துக்குப் பணிந்தவை மடிய, பணியாதவை பெருகுகின்றன. 2012இல் பிரிட்டிஷ் புற்றுநோய் ஆய்வாளர் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் சிறுநீரகக் கட்டியைப் பல இடங்களில் வெட்டிப் பார்த்தார்கள். கண்ட மாற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எல்லாத் துண்டுகளிலும் இல்லை. ஊசி தொட்ட இடம் அந்த இடத்துக் கதையைத்தான் சொல்லும். ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவோ பல இடங்களிலிருந்தும் கசிந்து வருவது, சில மணி நேரத்தில் சிதைந்தும் விடுவது. அதனால் அதில் தெரிவது இன்றைய நிலவரம். தேவைப்படும்போதெல்லாம் திரும்பவும் பார்க்கலாம். கல்லீரலில் அத்தனை முறை ஊசி குத்த யார் சம்மதிப்பார்கள்?

செவிலியர் 2 குழாய் ரத்தம் எடுத்து, குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினார். வெள்ளணுக்கள் உடைந்தால் அவற்றின் டிஎன்ஏ வெள்ளத்தில் கட்டியின் துளி டிஎன்ஏ காணாமல் போய்விடுமாம். பரிசோதனை முடிவில், செல் வளர்ச்சியைத் தூண்டும் இஜிஎஃப்ஆர் மரபணுவில் டி790எம் என்ற மாற்றம் இருந்தது. ஜெஃபிடினிப் வகை மருந்துகள் தோற்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் காணப்படுவது இதுதான். அந்த மாற்றம் இருந்தாலும் வேலைசெய்யும் ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினோம்.

"இல்லை" என்று வந்திருந்தால் திசுவுக்கே போயிருப்போம். கட்டி போதிய டிஎன்ஏவைக் கசியவிடாவிட்டால் ரத்தம் ஏமாற்றிவிடும். மூளைக்கு மட்டும் பரவியிருந்தால் இன்னும் அதிகமாகவே. முதியவர்களின் ரத்த அணுக்களிலேயே தோன்றும் மரபணு மாற்றங்கள் கட்டியுடையவைபோல வேடமிடுவதும் உண்டு. நுரையீரல் கட்டி சிறுசெல் என்ற வேறு புற்றுநோய் வகையாக உருமாறியிருந்தால் நுண்ணோக்கிதான் அதை உறுதியாகச் சொல்லும். ஒசிமெர்டினிபையே முதல் மருந்தாகத் தொடங்கியவர்களுக்கு டி790எம் பெரும்பாலும் கேள்வியே இல்லை. அவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்பகம், குடல் புற்றுநோய்களில் எனக்கு அனுபவமும் இல்லை.

முதல் பயாப்சியில் எடுத்த சதைத் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியை ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறோம். ரத்தத்தின் பக்கம் நிற்கும் நானேதான் அதைப் போய் வாங்கிவந்தேன்.