இரட்டைக் குட்டி சுமக்கும் கன்னி ஆட்டுக்கு எந்தத் தீனி? இரத்தத்தை வைத்து ஓர் ஒப்பீடு

திருநெல்வேலிச் சீமையின் மானாவாரிக் காடுகளில் வளரும் கன்னி இன ஆடுகள் இரட்டைக் குட்டி ஈனுவதற்குப் பெயர் பெற்றவை. ஏறத்தாழ 150 நாள் சினைக்காலத்தின் கடைசி 6 வாரங்களில்தான் குட்டிகள் பெரும்பாலும் வளர்கின்றன. அதே வேளையில் கருப்பை விரிந்து, தாயின் இரைப்பையில் தீனிக்கான இடம் சுருங்கிவிடுகிறது.

இக்காலத்தில் மேய்ச்சலை மட்டும் நம்பினால், அதுவும் கோடையில் மானூர், ராதாபுரம் பக்கத்துக் காய்ந்த புல்லையும் அறுப்புத் தாளையும் நம்பினால், எரிசக்தி போதாமல் ஆடு தன் உடற்கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் பெருக, அவற்றை முழுதும் எரிக்க முடியாத கல்லீரல் கீட்டோன்கள் எனும் கொழுப்புச் சிதைவுப் பொருள்களாக மாற்றி வெளிவிடுகிறது. அவற்றுள் முக்கியமான பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்ரேட் லிட்டருக்கு 0.8 மில்லிமோலைத் தாண்டினால் அது எச்சரிக்கை. கவனிக்காவிட்டால் ஆடு இரை எடுக்காமல் மந்தையை விட்டு ஒதுங்கி, ஈனுவதற்கு முன்பே சாகலாம். இரத்தச் சர்க்கரையை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஆபத்து, ஏனெனில் வயிற்றுக்குள் குட்டிகள் இறந்துவிட்டால் அந்த அளவு மீண்டும் உயரக்கூடும். கொழுத்த ஆட்டுக்கு இந்தக் கீட்டோன் நோய் வராது என்ற எண்ணமும் தவறு, அதற்கும் வரும்.

மெலிவைக் கண்டு பதறி, திடீரென அரிசியையோ கம்பையோ அள்ளி வைப்பது அடுத்த வழி. மாவுச்சத்து இரைப்பையில் வேகமாகப் புளித்து, அங்குள்ள அமிலகாரநிலை (pH) 5.5-க்குக் கீழே போனால் லாக்டிக் அமிலம் இரத்தத்தில் ஏறி, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் இறங்கிவிடும். அசைபோடும் பிராணி தனக்கு வேண்டிய சர்க்கரையைப் பெரும்பாலும், இரைப்பையில் தீனி புளிக்கும்போது உண்டாகும் புரோப்பியானிக் அமிலத்திலிருந்து கல்லீரலில்தான் உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே தின்ற அரிசி அப்படியே இரத்தச் சர்க்கரையாவதில்லை. புண்ணாக்கை மட்டும் கூட்டுவதும் உதவாது: எரிசக்தி இல்லாமல் இரைப்பை நுண்ணுயிர்களால் பயன்படுத்த முடியாத, புண்ணாக்கின் புரதத்திலிருந்து வரும் அம்மோனியா, இரத்தத்தில் யூரியாவாகத்தான் சேரும்.

கம்பு அல்லது மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு சேர்ந்த கலவையை நாளுக்கு 100 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 250 கிராம் வரை உயர்த்தி, அகத்தித் தழையோடு கொடுப்பதே என் தேர்வு. இதில் சர்க்கரை, கீட்டோன், யூரியா மூன்றும் தாறுமாறாக ஏறியிறங்க வாய்ப்பு மிகக் குறைவு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சீமைக்கருவேல நெற்றை இடித்து, கலவையில் அளவோடு சேர்க்கலாம். ஆனால் ஆடு இரையைக் குறைத்த பிறகு கலவையைத் தொடங்கிப் பயனில்லை. அப்போது கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.