பட்டன் டயருக்குள்ள என்ன போடலாம்: கட்டி ட்யூபா, சீலன்டா, பழைய ட்யூப் லைனரா?

குலசேகரத்துக்கு மேல சித்தப்பாவோட ரப்பர் தோட்டம், ஆனி மாச மழை, சேறு, கல்லுக்குன்னு மேல ரப்பர் கட்டை கட்டையா துருத்திக்கிட்டு நிக்குற பட்டன் டயர் போட்ட என் எக்ஸ்பல்ஸ் பைக்கோட முன்சக்கரம் ஒரு கல்லுல டொக்குன்னு இடிச்சுது. நூறு அடி போறதுக்குள்ள ஹேண்டில் கனத்துப்போச்சு. கழட்டி பாத்தா ட்யூப்ல பக்கம் பக்கமா ரெண்டு கீறல், பாம்பு கொத்துன மாதிரி. முள்ளும் இல்ல, ஆணியும் இல்ல, கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி வெட்டுனது. அன்னையில இருந்து மூணு வழிய என் வண்டியிலயே போட்டு பாத்துட்டேன், நாலாவத பக்கத்துல நின்னு பாத்தேன். நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிருதேன், கட்டி ட்யூப், அதாவது தடிமன் ஜாஸ்தியான காத்து ட்யூப் பக்கம்.

காத்து பத்தி எல்லாருக்கும் தெரியும். ஏத்தி வச்சா கல்லு கடிக்காது ஆனா சேத்துல வழுக்கும், எறக்குனா பிடி கெடைக்கும் ஆனா ட்யூப் நசுங்கும். நான் தோட்டத்துக்குள்ள 18 பிஎஸ்ஐ வைக்கேன், தார் ரோட்டுக்கு வந்தா ஏத்திருவேன். 12க்கு எறக்கணும்னா உள்ள என்ன போட்டாலும் டயர ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற ரிம் லாக் இல்லாம எறக்காதீங்க, டயர் ரிம்முல வழுக்கிச் சுத்தி வால்வ வேரோட பிடுங்கிரும்.

முதல்ல சீலன்ட். வால்வுக்குள்ள இருக்குற சின்ன பின்ன கழட்டிட்டு ட்யூப்க்குள்ள ஊத்துற அந்த கொழகொழ திரவம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடிக்கு கீழ உடைமுள்ளுக்குள்ள ஓட்டுறவங்களுக்கு இது சாமி மாதிரி. ஒரே நாள்ல ரெண்டு முள்ள பிடுங்கிப் போட்டுட்டு சக்கரத்த சுத்தி விட்டேன், அதுவே அடைச்சுது. ஆனா நம்ம மேற்குப் பக்கம் முள்ளு எங்க இருக்கு, கல்லுதான இருக்கு. கல்லு கடிச்சா வர்றது ஓட்டை இல்ல கீறல், அத இந்த தண்ணி அடைக்காது, பீச்சி அடிச்சு டயர் உள்பக்கம் முழுக்க பூசிரும். அதுக்கு அப்புறம்தான் உண்மையான தலவலி. ஈரம் பட்ட ட்யூப்ல சொல்யூஷன் ஒட்டாது, தொடச்சு உரசி காயவச்சாலும் கீறல்ல இருந்து திரும்பத் திரும்ப கசியும். பஞ்சர் கடை அண்ணன் கையத் தொடச்சுக்கிட்டே, "மக்ளே, இத ஊத்திட்டு இனி எங்கிட்ட கொண்டு வராத, பேட்ச் நிக்காது கேட்டியா"ன்னு சொல்லிட்டாரு. நியாயம்தான்.

ரெண்டாவது பழைய ட்யூப் லைனர். செலவே இல்ல. பழைய ட்யூப்ல வால்வ வெட்டி எறிஞ்சுட்டு, உள்வட்டத்தோட நீளத்துக்கு கிழிச்சு விரிச்சா ஒரு பட்டை கெடைக்கும், அத டயருக்கும் புது ட்யூப்க்கும் நடுவுல வைக்கணும். தோட்டத்துல ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை மாட்டுற கம்பி அங்கங்க ஒடைஞ்சு கெடக்கும், அது குத்துறத இது நல்லாவே தடுத்துது. ஆனா ரெண்டு மாசம் கழிச்சு கழட்டுனா, லைனரோட வெட்டுன ஓரம் எங்க உக்காந்திருந்துதோ அங்க ட்யூப்ல சுத்தி ஒரு கோடு, தேஞ்சு தேஞ்சு தொட்டா மெலிசா இருக்கு. நான் நாகர்கோவில்ல இருந்து காவல்கிணறு வர ரோட்டுலயும் ஓட்டுற ஆளு, சூட்டுல அது இன்னும் உரசும். ஓரத்த சீவி மெலிசாக்கி பவுடர் போட்டா பிரச்சன இல்லன்னு சொல்லுதாங்க, எனக்கு அந்தப் பொறுமை இல்ல.

இப்ப கட்டி ட்யூப். சாதா ட்யூப் ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர்னா இது மூணு, அதுக்கும் மேல அல்ட்ரான்னு நாலு மில்லிமீட்டர் வரைக்கும் வருது. நான் போட்டது மூணு, முன்னாடி 21 இஞ்ச், பின்னாடி 18. ஒரு கட்டி ட்யூப் விலைக்கு ரெண்டு சாதா ட்யூப் வாங்கிரலாம், கனமும் ஜாஸ்தி, சக்கரம் சுத்துறதுலயே தெரியும். சாதா ட்யூப் கிழியுற அதே கல்லுல இது சும்மா தழும்போட தப்பிக்குது. கடிக்கவே கடிக்காதான்னா கடிக்கும், அடி பலமா இருந்தா எதுவும் தாங்காது.

நான் இந்தப் பக்கம் சாஞ்சதுக்கு காரணம் தடிமன் இல்ல. வண்டி நிக்கிற எடத்துலயே நானே கழட்டி ஒட்டி மாட்ட முடியுமாங்கிறதுதான் எனக்கு கேள்வி. பேச்சிப்பாறைக்கு மேல சிக்னலும் கெடையாது, அஞ்சு மணிக்கு மேல மழைல எந்தக் கடைக்காரன் வருவான்? சீலன்ட் போட்ட ட்யூப்ல அங்கன உக்காந்து பேட்ச் போட முடியாது, லைனர திரும்ப சுருக்கம் இல்லாம மாட்ட ரெண்டு ஆளு வேணும். கட்டி ட்யூப்ன்னா சாதாரண பேட்ச், சாதாரண சொல்யூஷன், உப்புத்தாள், அவ்வளவுதான்.

ஆனா மாட்டுறதுல கவனம் வேணும். நான் முதல் தடவ மாட்டும்போது கல்லு கடிக்கல, டயர நெம்புற என் லிவர்தான் கடிச்சுது, புது ட்யூப் மாட்டுன அன்னைக்கே பேட்ச். கட்டி ட்யூப் உள்ள போகாம முரண்டு பிடிக்கும். உருண்டை தெரியுற அளவுக்கு கொஞ்சம் காத்து அடிச்சுட்டு உள்ள தள்ளணும், டயருக்குள்ள பவுடர் தாராளமா போடணும். அப்புறம் டயரோட எதிர்ப்பக்கத்த முட்டிய வச்சு அழுத்தி ரிம் நடுப் பள்ளத்துல எறக்குனாதான் கடைசி ஒரு சாண் லேசா ஏறும். அது ஏறலன்னு பலத்த காட்டுனீங்கன்னா ட்யூப்தான் போகும். வால்வு நட்ட ரிம்மோட சேத்து முடுக்காதீங்க, வால்வு மூடியோட ஒட்டி மேல வச்சிருங்க, டயர் நழுவுனா வால்வு சாஞ்சு காட்டிக்குடுக்கும். போக்ஸ் கம்பி நுனி குத்தாம இருக்க ரிம் டேப் நேரா இருக்கான்னும் பாத்துக்கோங்க.

நாலாவது மூஸ். காத்தே இல்லாம டயருக்குள்ள வைக்கிற ஃபோம் வளையம், பஞ்சர்ங்கிற பேச்சே கெடையாது. ரேஸ் ஓட்டுற ஒரு பையன் மாட்டுறத பாத்தேன், அது மல்யுத்தம். ஆனா அது ரோட்டுல ஓட்டுறதுக்கு உண்டாக்குனது இல்ல, வேகத்துல சூடாகி கெட்டுரும், உள்ள ஜெல் வேற தடவிக்கிட்டே இருக்கணும். வண்டிய வேன்ல ஏத்திட்டுப் போறவங்களுக்கு சரி. உள்ளுக்குள்ள தனியா 110 பிஎஸ்ஐ காத்து நிக்குற டப்ளிஸ்னு ஒண்ணும் இருக்கு, டயர 10க்கு கீழயும் எறக்கலாம். நான் அத தொட்டது இல்ல, அதுவும் ரோட்டுக்கானது இல்லங்கிறதோட விட்டுட்டேன்.

இன்னொண்ணு, பையில ஒரே ஒரு சாதா 21 இஞ்ச் ட்யூப் மட்டும் வச்சிருக்கேன். ஆபத்துக்கு அத பின்னாடி 18லயும் திணிச்சு வீட்டுக்கு வந்துரலாம், 18அ முன்னாடி போட முடியாது. கட்டி ட்யூப் போட்டு ஒரு கார்த்திகை மழையும் இந்த ஆனி மழையும் ஆச்சு, முன்னாடி ஒரு பேட்ச், அது நான் லிவரால கடிச்சது.