பழைய பண்ணை நிலங்களில் இரண்டு வருடம்: நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் மெட்டல் டிடெக்டர்

மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் கேட்பது தங்கம் கிடைத்ததா என்றுதான். இரண்டு வருடத்தில் ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஆணி, லாடம், கோட்டுப் பித்தான், சேணத்தின் வளையம், நாலைந்து செம்புக் காசுகள். இவற்றுக்காகத்தான் போகிறேன், இந்த மாதிரித் தேடலுக்கு இந்த மெஷின் எப்படி என்று கேட்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் மேற்குப் பக்கம். இங்கே காட்டுக்குள் நடந்தால் ஆள் அரவமே இல்லாத இடத்தில் இடுப்பளவு கல் சுவர் ஒன்று மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும். காட்டுக்கு யார் சுவர் வைப்பார்கள், அது வயலுக்கும் மேய்ச்சலுக்கும் வைத்த வேலி. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தப் பகுதியில் பெரும்பாலும் மரம் வெட்டி, உழுது, ஆடு மேய்த்த நிலம்தான் இருந்தது. 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் குறுக்கே வெட்டிய ஈரி கால்வாய் திறந்து மேற்கேயிருந்து மலிவாகத் தானியம் வர ஆரம்பித்ததும், கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன, சிலர் மேற்கே நல்ல மண்ணைத் தேடி, சிலர் நகரத்து மில் வேலைக்கு. காடு திரும்ப வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. வீடு இருந்த இடத்தில் கல் அடுக்கிய நிலவறைக் குழி மட்டும் மிஞ்சியிருக்கும், அதன் ஓரத்தில் யாரும் கவனிக்காமலே ஒரு லைலாக் புதர் மே மாதமானால் பூத்து நிற்கும். அந்தப் புதரைப் பார்த்தாலே ஒரு காலத்தில் அது வாசல் என்று தெரிந்துவிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகும்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். முதலில் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கி ஏமாந்தேன், பெயர் வேண்டாம். ஆணிக்கும் காசுக்கும் ஒரே சத்தம் போடும், மூன்றாவது நாளே வெறுத்துவிட்டது. அப்புறம்தான் சிம்ப்ளெக்ஸ் பிளஸ் வாங்கினேன், 300 டாலருக்குள் முடிந்தது. இஸ்தான்புல்லில் இருக்கும் துருக்கிக் கம்பெனியின் தயாரிப்பு. எடை 1.3 கிலோ. இதைப் படிக்கும்போது பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் நாலு மணி நேரம் ஒரே கையால் இடமும் வலமும் வீசிக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு நூறு கிராமும் தோளுக்குத் தெரியும். மடக்கினால் 63 சென்டிமீட்டர், முதுகுப்பையில் போய்விடும். மெஷின் முழுக்கவே 3 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் தாங்கும் என்பதால் மழையில் ஓடி ஒதுங்க வேண்டியதில்லை, ஓடையில் காயிலை (தரையை ஒட்டி வீசும் வட்டத் தட்டு) விட்டுக் கழுவலாம்.

ஆனால் பழைய பண்ணை நிலத்துக்கு இது ஏன் சரிவரும் என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: இரும்புச் சத்தம். ஒரு மர வீடு சரிந்து மக்கிப்போனால் மரம் மண்ணாகிவிடும், ஆணி போகாது. நிலவறைக் குழியைச் சுற்றிக் காலடிக்குக் காலடி ஆணிதான். இதில் இரும்புக்கு ஒரு கட்டைக்குரல், செம்புக்கும் வெள்ளிக்கும் கீச்சென்று உயர்ந்த குரல். இரும்பின் குரலை மட்டும் தனியாகக் குறைக்கலாம், முழுக்க அணைக்கவும் செய்யலாம். புதிதாக வருகிறவர்கள் எரிச்சலில் அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குறைத்து வையுங்கள், ஆனால் காதில் விழட்டும். ஆணிச் சத்தம் எங்கே நெருக்கமாகிறதோ அங்கேதான் வீடு இருந்தது, எங்கே மெலிகிறதோ அங்கே முற்றம் தொடங்குகிறது. காசும் பித்தானும் முற்றத்திலும் கிணற்றடிக்குப் போகும் வழியிலும்தான் அதிகம் விழுந்திருக்கும். ஆணிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு உயர்ந்த குரல் துண்டாகக் கேட்டால் உடனே தோண்டாமல், தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று இன்னொரு முறை வீசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் திரையில் அதே எண் நின்றால் தோண்டலாம்.

திரையில் வரும் எண் 0 முதல் 99 வரை, அடியில் கிடப்பது என்ன உலோகம் என்பதற்கு மெஷின் சொல்லும் ஊகம் அது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய வளைந்த இரும்பு எந்த டிடெக்டரையும் ஏமாற்றும், வெள்ளிக் காசு மாதிரி உயர்ந்த எண் காட்டும். எனக்கு அப்படித்தான் போன அக்டோபரில் ஒரு சிக்னல் வந்து, ஒரு முழம் அகலத்துக்குத் தோண்டினால், உள்ளங்கை நீளத்தில் அரைப்பிறை மாதிரி ஒரு துருப்பிடித்த தகடு, ஓரத்தில் ஆணி ஓட்டைகள். உடைந்த குதிரை லாடம் என்று நினைத்து அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். பார்த்த உடனே கூப்பிட்டார். "உடைஞ்சதெல்லாம் இல்லப்பா, முழுசாத்தான் இருக்கு. இது மாட்டு லாடம். குதிரைக்கு ஒரே துண்டு, மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும்ல, அதனால ரெண்டு. பக்கத்துலயே தேடிப் பாரு, ஜோடி கிடக்கும்." ஜோடி கிடைக்கவில்லை. ஆனால் நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸ் அடங்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலை) உழவுக்கும் கல் இழுக்கவும் காளைகள்தான் பெரிதும் உழைத்தன என்பதை நான் படித்தபோது மனதில் தங்கவில்லை, அந்த லாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவோடு பேசியபோதுதான் தங்கியது. மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண் 80-களில், இரண்டு பக்கமும் அசையாமல் நின்ற சிக்னல். சுமார் 15 சென்டிமீட்டர் ஆழம். மண்கட்டியை உடைத்தபோது பச்சையாக ஒரு வட்ட விளிம்பு தெரிந்தது, நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. லார்ஜ் சென்ட் என்று இங்கே சொல்லும் சுத்தச் செம்புக் காசு, 1793 முதல் 1857 வரை அடித்தார்கள், நடுவில் 1815-இல் மட்டும் அடிக்கவில்லை. கட்டைவிரலால் துடைக்கக் கை பரபரக்கும், துடைக்கவே கூடாது, ஒட்டியிருக்கும் மணல் துகள் காசின் முகத்தைச் சுரண்டிவிடும். இந்த மண்ணின் அமிலம் ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து நனைய வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது 1838 என்று தெரிந்தது. யாருடைய பையிலிருந்து விழுந்ததோ, அன்றைக்கு எவ்வளவு தேடியிருப்பார்களோ என்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

குறைகளும் உண்டு. இது 12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அதிர்வெண் மெஷின். காட்டுக்கும் வயலுக்கும் அது போதும், உப்புத் தண்ணீர் நனைத்த கடற்கரை மணலுக்குப் பல அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் மெஷின்தான் சரி. பேட்டரி உள்ளேயே பொருத்தியது, மாற்றுப் பேட்டரி கொண்டுபோக முடியாது, ஆனால் பவர்பேங்கில் ஓடும். கூடவே வரும் 28 சென்டிமீட்டர் காயில் திறந்த வயலுக்கு அருமை, ஆணி நெருக்கத்துக்குப் பெரிது, ஒரே நேரத்தில் மூன்று ஆணியும் ஒரு காசும் அதன் அடியில் வந்துவிடும். பண்ணை வீட்டு இடங்கள்தான் உங்கள் குறி என்றால் சின்ன காயிலுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். குழிக்குள் பொருள் சரியாக எங்கே என்று காட்டும் கையடக்கப் பின்பாயின்டரும் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பீர்கள். பிளஸ்ஸுக்குப் பிறகு அல்ட்ரா முதலிய புது மாடல்கள் வந்துவிட்டன, நான் அவற்றைக் கையில் எடுத்ததில்லை.

இடம் கண்டுபிடிக்க அமெரிக்க நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இணையத்தில் இலவசம், வீடுகள் சின்னக் கறுப்புச் சதுரங்களாக இருக்கும். விமானத்திலிருந்து லேசரால் தரையை அளந்து எடுக்கும் லைடார் படங்களில் மரங்களை நீக்கிய தரை தெரியும், கல் சுவரும் நிலவறைக் குழியும் கோடு போட்டது மாதிரி வந்துவிடும். ஆனால் இடம் தெரிந்துவிட்டது என்று நுழைந்துவிடக் கூடாது. நிலத்துக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். நான் போகும் இடம் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவுடையது, கிடைப்பதையெல்லாம் முதலில் அவரிடம் காட்ட வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும் என்று இரண்டே நிபந்தனை. காசையும் லாடத்தையும் அவர் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், பித்தான்கள் அவர் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கின்றன. தேசியப் பூங்காக்களுக்குள் டிடெக்டரைக் கொண்டுபோவதே குற்றம், மத்திய அரசு நிலத்தில் தொல்பொருள் எடுப்பதை 1979-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது, மாநிலப் பூங்காக்களின் விதி இடத்துக்கு இடம் வேறு. ஊரில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒன்று: இந்தியாவில் 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் மண்ணில் ஒரு பானை ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் சேதியே இருக்கிறது, அதைக் கலைத்துவிட்டால் திரும்ப அடுக்க முடியாது. தயவுசெய்து அங்கே ஆசைக்குத் தோண்டாதீர்கள்.

இப்போது இங்கே தரை உறைந்து கிடக்கிறது, மண்வெட்டி இறங்காது. ஏப்ரலில் இளகியதும் சின்ன காயிலோடு அந்த லாடம் கிடந்த மேட்டுக்குத்தான் முதலில் போவேன். ஜோடி கிடைத்ததா என்று அப்பா ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார்.